ஊர் வெளிச்சம்

"இதை உங்களுக்கு விக்கிறதா இல்லை. கிளம்புங்க" என்றார் கடைக்காரர், அந்தப் பெரிய தொலைநோக்கிக்குக் குறுக்கே நின்றுகொண்டு.

வந்தவர் அசையவில்லை. கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. காலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்து கழுத்தை அறுக்கிறானே என்று கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காசு குடுத்தா பொருளைக் குடுக்க வேண்டியதுதானே? உங்க பொண்ணையா கேட்டேன்?"

"எங்க வெச்சுப் பார்ப்பீங்க?"

"வேலை செய்யற இடத்துல, மொட்டை மாடியில. ஊருக்கு நடுவுலதான்."

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அண்டா அகலக் கண்ணாடி நட்சத்திர வெளிச்சத்தை மட்டுமா அள்ளும், தெருவிளக்கையும் சேர்த்துத்தான் அள்ளும். போன வருடம் இப்படித்தான் ஒருவர் பிடிவாதமாக வாங்கிப் போனார். வானம் வெள்ளையாகத் தெரிகிறது, ஏமாற்றிவிட்டாய் என்று திரும்பி வந்து வாசலில் ஊரைக் கூட்டினார். இன்னொரு தடவை அப்படி மானம் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

"இதுக்குக் கும்மிருட்டு வேணும்யா. ஊரைத் தாண்டி மலைப்பக்கம் தூக்கிட்டுப் போகணும். உங்க மாடிக்குச் சின்னதே போதும், நிலாவைப் பாருங்க."

"சின்னது எங்கிட்ட இருக்கு. போன அமாவாசைக்கு அதே மாடியில பால்வீதியைப் பார்த்தேன். கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அதான் பெருசு கேக்கறேன்."

"அமாவாசைப் பேச்சை எடுக்காதீங்க!" கடைக்காரர் மேசையில் ஓங்கித் தட்டினார். "அன்னைக்கு ஊர் பூரா கரண்ட் இல்லை. என் பேத்தி விடிய விடிய அழுதா. கரண்ட் ஆபீசுக்கு ஃபோன் அடிச்சு அடிச்சு விரல் தேஞ்சதுதான் மிச்சம், ஒரு பய எடுக்கலை. அவன் மட்டும் கையில கிடைக்கட்டும், கழுத்தை நெரிச்சுடுவேன்!"

வந்தவர் வாயைப் பொத்தி ஒரு கொட்டாவி விட்டார்.

"ஏன்யா, ஒரு நாள் கரண்ட் போச்சுன்னு இவ்வளவு பெருசை வாங்குவீங்களா? அடுத்த அமாவாசைக்கும் போகும்னு எந்த மடையன் உங்களுக்குச் சொன்னான்?"

வந்தவர் பணத்தை மேசைமேல் வைத்தார். கடைக்காரரின் கைக்கு எட்டாத தூரத்துக்கு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.

"போகும்ணே. அன்னைக்கு ஃபோனை எடுக்காதது நான்தான்."