கோலமில்லாத வாசல்

வார்டைச் சீரமைக்கும் வேலையை நகராட்சி ஒரு கைபேசி விளையாட்டாக்கி, மக்களிடமே விட்டிருந்தது. ஞாயிறுதோறும் வேறொரு தெருவில் நடந்து, குழி, இருண்ட சந்து, ஆளில்லாத வீடு என்று கண்டதைக் குறித்தால் புள்ளிகள் கிடைக்கும். சொந்தத் தெருவைக் குறிக்கக் கூடாது. பலர் குறித்த இடத்துக்கு இயந்திரங்கள் தாமாகவே வந்துவிடும்.

திங்கள் காலை, இடிக்கும் இயந்திரம் மங்களேஸ்வரியின் வீட்டுமுன் வந்து நின்றது. அவள் எதிர்வீட்டுக் கோமளாவிடம் ஓடினாள்.

"என் வீட்ட ஆளில்லன்னு எவடி போட்டது?"

கைபேசியைப் பார்த்த கோமளாவின் முகம் வெளிறியது. "மேட்டுத் தெருக்காரங்கக்கா. வாசல்ல கோலமே இல்ல, கதவு சாத்தியே கெடக்குன்னு போட்டிருக்காங்க."

"அம்மா செத்த வீட்ல எவ கோலம் போடுவா?"

"அவங்களுக்கு எப்படிக்கா தெரியும்? ஆளில்லாத எடத்துல பூங்கா வேணுமான்னு இந்த வெளையாட்டு கேட்டுச்சு, நாங்களும் வேணும்னு அமுக்கிட்டோம். எந்த எடம்னு பாக்கல."

"மாத்துடி! அப்பா படுத்த படுக்கையா கெடக்காரு."

"அடுத்த ஞாயித்துக்கெழமதான்கா மாத்த விடும்." கோமளா அழுதுவிட்டாள்.

மங்களேஸ்வரி திரும்பி ஓடி, கைகளை விரித்துக் கதவை மறித்து நின்றாள்.

"அம்மா, இது ஆளில்லாத வீடு," என்றது இயந்திரம், பணிவாக. "ஆபத்து. விலகி நில்லுங்கள்."

அதன் கை மெல்ல உயர்ந்தது. உள்ளே கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"யாரும்மா வந்திருக்கா? வாசல்லயே நிக்க வச்சுப் பேசாத, உள்ள கூப்பிடு."