எட்டாவது இடைவெளி

மிக்ஸியை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினான் அவன். மடியில் கிட்டார். மேசையில் போன்.

"இன்னும் ரெண்டு சுத்துதான்."

"மிசிசிப்பிக் கரையில உக்காந்து பாடிட்டிருக்கேன். அங்க ஏதுடி மிக்ஸி?"

"அப்ப இட்லிக்குச் சட்னியும் அங்கயே பாத்துக்குங்க."

சிரித்தான். அவள் நிறுத்தினாள்.

பாடி முடித்து, பதிவை அவள் போனுக்கு அனுப்பினான். வகுப்பில் கேட்டுக்கொள்ளலாம் என்று அவள் அதைத் திறக்கவில்லை. சட்னியை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, கொத்தமல்லி போதாது என்றான். வண்டிச் சாவியை எடுத்தான்.

ஒரகடம் சாலையில் கண்டெய்னர் லாரிகள் போகிற நேரம் அது.

காரியங்கள் எல்லாம் முடிந்து அவள் சமையலறைக்குள் போனபோது, சட்னியை யாரோ கொட்டி, ஜாரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

*

ஒரு மாதம் கழித்து வகுப்பு எடுக்கப் போனாள். வீட்டில் இருக்க முடியவில்லை.

கார்த் தொழிற்சாலை வேலைக்கு வந்த கொரியக் குடும்பங்களின் பிள்ளைகள். ஏழு பேர். எட்டு, ஒன்பது வயது. ஆங்கிலம் எல்லோருக்கும் தெரியும். பேசத்தான் மாட்டார்கள். தப்பாகிவிடுமோ என்று உதட்டை இறுக்கிக்கொள்வார்கள்.

அதற்கு வழி கண்டுபிடித்தவன் அவன். வாரம் ஒரு நாட்டின் இசை. ஜமைக்காவின் ரெகே. பிரேசிலின் சாம்பா. கடைசியாக மிசிசிப்பிக் கரையின் ப்ளூஸ். பாட்டுக்குள்ளேயே ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்பான். பிறகு நான்கு தாளம் வெறுமனே விடுவான். அந்த இடைவெளிக்குள் ஒரு பிள்ளை பதில் சொல்லியாக வேண்டும்.

யோசிக்க நேரம் இருக்காது. பயப்படவும்.

சனிக்கிழமைகளில் கிட்டாரோடு அவனே வருவான். மற்ற நாட்களில் அவன் குரல் மட்டும் வரும்.

பிள்ளைகள் உள்ளே வந்து, இடுப்பை வளைத்து வணங்கினார்கள். வழக்கத்தைவிட மெதுவாக. நாற்காலிகள் சத்தம் போடவில்லை. ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சார் எங்கே என்று கேட்கவில்லை.

வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று புரிந்தது.

அவள் பலகையில் தேதியை எழுதினாள். கதவு மூடியிருந்தது. அதன் கண்ணாடிக்கு அப்பால் தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள்.

அறையில் இருந்த எட்டுப் பேரும் ஒரே பொய்யை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கை தளர்ந்தாலும் விழுந்துவிடும்.

கைதட்டித் தாளம் போட்டாள். கேள்வியை அவளே பாடினாள்.

நேற்று என்ன செய்தாய்?

ஒரு வாயும் திறக்கவில்லை.

மறுபடி தட்டினாள். குரல் பிசிறியது. பிள்ளைகள் மேசையைப் பார்த்தார்கள்.

கதவைத் திறந்து போய்விடலாம். போனால் இந்த அறைக்குத் திரும்பி வர முடியாது. வீட்டுக்கும் போக முடியாது.

போனை எடுத்தாள். அவன் கடைசியாக அனுப்பியது அப்படியே இருந்தது. ஸ்பீக்கரில் இணைத்தாள்.

முதலில் கால் தரையில் தட்டும் ஒலி. பிறகு கிட்டார். பிறகு அவன்.

நேற்று என்ன செய்தாய்?

இடைவெளி.

நூடுல்ஸ் சாப்பிட்டேன் என்று ஒரு குரல் ஆங்கிலத்தில் குதித்தது. அடுத்த கேள்வி. நீச்சலுக்குப் போனேன். அடுத்த கேள்வி. என் தம்பியை அடித்தேன். ஒருத்தி சிரித்தாள். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அவர்கள் மறந்துவிட்டார்கள்.

அவள் பலகையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு கேள்வி. ஏழு பதில். முடிந்தது என்று நினைத்தாள்.

கிட்டார் நிற்கவில்லை.

ஒவ்வொரு பாட்டிலும் கடைசிக் கேள்வி டீச்சருக்கு. அதை அவள் மறந்திருந்தாள்.

எட்டாவது முறை கேட்டான். கொஞ்சம் தணிந்த குரலில். அவளைச் சீண்டும்போது வரும் குரல்.

நேற்று என்ன செய்தாய்?

ஏழு முகங்களும் அவளைப் பார்த்தன.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நான்கு.

பாட்டு முடிந்தது.

தோயுன் நாற்காலியை விட்டு இறங்கினான். ஏழு பேரில் சிறியவன். ஸ்பீக்கர் இருந்த மூலைக்குப் போனான். மண்டியிட்டான். இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி, நெற்றி கைகளில் படக் குனிந்தான். எழுந்து நின்றான். மறுபடி மண்டியிட்டுக் குனிந்தான்.

சோஹா துள்ளி எழுந்தாள். அவள் இந்த ஊரிலேயே பிறந்தவள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் கற்ற தமிழ், வகுப்பில் பேசக்கூடாத தமிழ், கொட்டிவிட்டது.

"லூசு! ரெண்டு வாட்டி பண்றான் பாருங்க மிஸ். உயிரோட இருக்கறவங்களுக்கு ஒரு வாட்டிதான். ரெண்டு வாட்டி செத்தவங்களுக்கு. சார் செத்தத மிஸ்கிட்ட பேசவே கூடாதுன்னு எங்கம்மா..."

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தோயுன் அசையாமல் நின்றான். அடி விழுமோ என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டு.

அவள் பலகையை விட்டு வந்தாள். ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு நாற்காலி குறுக்கே கிடந்தது. அதைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

இடம் இருந்தது.

முதலில் நூடுல்ஸ் சாப்பிட்டவன் வந்தான். பிறகு தம்பியை அடித்தவள். ஒவ்வொருவராக மண்டியிட்டார்கள். ஒவ்வொருவரும் இரண்டு முறை. சோஹா கடைசியில் வந்தாள். வாயிலிருந்து கையை எடுத்தால்தான் தரையில் ஊன்ற முடியும் என்று சற்று நேரம் தயங்கினாள்.

பிறகு ஏழு பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

அவளுக்கு, எப்போதும்போல், ஒருமுறை.