மடங்காத விரல்
மூச்சு முட்டத் திமிறுகிறார் மாஸ்டர். அவர் காலரை இறுக்கியிருப்பவள் இன்று காலைதான் வகுப்பில் சேர்ந்தவள். சுவரிலிருக்கும் படத்தில், இந்தத் தற்காப்புக் கலையைத் தொடங்கியவர் சுண்டுவிரலை நீட்டியபடி எதிராளியின் காலரைப் பிடித்திருக்கிறார். பயிற்சிக்கூடத்தின் நாற்பது கிளைகளிலும் அதுதான் ரகசியப் பிடி. விரலை மடக்கினால் பெல்ட் கிடையாது. இவளோ மடக்குகிறாள், பிடி இன்னும் இறுகுகிறது. மாஸ்டர் தோற்றதாகப் பாயைத் தட்டியதும் விடுகிறாள். ஜன்னல் வெயிலில் தூசி சுழல்கிறது.

“எந்தக் கூடத்துல இருந்து உளவு பார்க்க வந்தே?”

“விரலை நீட்டினா பிடி நழுவும் மாஸ்டர்.”

“அவரைவிட உனக்கு அதிகம் தெரியுமோ?”

“அவருக்கு மடங்காது. கதவு இடுக்குல நசுங்கின விரல்.”

“யாரும்மா சொன்னது உனக்கு?”

அவள் படத்தையே பார்க்கிறாள். “கதவைச் சாத்தினதே நான்தான். அப்போ எனக்கு அஞ்சு வயசு. அப்பா கடைசிவரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை.”