ஒத்தச் செடி

“உங்க வீட்டுக்காரர் பூவைப் பார்க்க வரலையா?”

குழுவை நடத்தும் ஐயாதுரை சார் கேட்டதும் ஷீனாவுக்கு மானம் போயிற்று.

செண்பகத்தோப்பு மலையடிவாரம். மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் தாவர ஆர்வலர் குழு மொத்தமும் புல்லில் குப்புறப் படுத்துக் கிடந்தது. நடுவில், விரல் உயரத்தில் ஒரு தரை ஆர்க்கிட்.

கண்டுபிடித்தது ஷீனாதான். வருஷக்கணக்காக மழைக்கு மழை அவள் தேடி அலைந்த பூ. அவள் போட்ட சத்தத்தில் எல்லாரும் நாலா பக்கமிருந்தும் ஓடி வந்து விழுந்தார்கள், அவள் கணவன் ஜெபினைத் தவிர.

அவன் தள்ளி, கால்களை அகட்டிக்கொண்டு நட்டு வைத்த கம்பம் போல நின்றான். ராஜபாளையத்தில் மில் சூப்பர்வைசர். கல்யாணமாகி முதல் மழைக்காலம். காலை ஆராதனை முடிந்த கையோடு இங்கே இழுத்து வந்திருந்தாள்.

“என்னங்க, செத்த நேரம் வந்து பாருங்களேன்.”

“இருக்கட்டும். நீ பாரு.”

“யாரும் மிதிச்சிராதீங்கப்பா” என்று படுத்தபடியே அதட்டினார் சார். லென்ஸை வைத்துப் பார்த்தார். “தரையோட ஒட்டின இலை. மூணாப் பிரிஞ்ச உதடு. பின்னால வால் கணக்கா தேன்குழல். நீங்க தேடின ஹாபினேரியாவேதான். பாவம், ஒத்தச் செடி.”

ஷீனா லென்ஸை வாங்கிப் பார்த்தாள். இத்தனூண்டு பூவுக்குள் இவ்வளவு வேலைப்பாடா? யாருமே பார்க்காவிட்டாலும் இது இப்படித்தான் பூத்திருக்கும் என்று நினைத்தபோது லென்ஸை எடுக்கவே மனம் வரவில்லை.

நிமிர்ந்து ஜெபினைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இதைப் பார்க்கக்கூட ஆசைப்படாத மனுஷனோடு காலம் பூரா எப்படி ஓட்டுவது என்று பயமாக இருந்தது.

படம் எடுத்து முடித்து, குழு டீ குடிக்க வேனுக்குப் போனது. ஷீனா விடுவிடென்று அவனிடம் நடந்தாள்.

“மெஷினைத் தவிர உங்களுக்கு எதுவுமே அதிசயமில்லையா?”

“அங்கயே நில்லு. அந்தக் கல்லு மேல ஏறிக் குனிஞ்சு பாரு.”

பார்த்தாள்.

அவன் இரண்டு ஷூவுக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பூ. குதிகாலை ஒட்டி இன்னொன்று. கண் பழகப் பழக, புல்லுக்குள் அவனைச் சுற்றி எங்கு பார்த்தாலும் பூ. காலை எடுத்து வைக்க இடமில்லை. அவள் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஒட்டின இலை, மூணு உதடு, வாலு. சாப்பிடும்போதெல்லாம் சொல்லுவியே, அதானே இது?”

“அதேதான்” என்றாள். “பொறவு ஏங்க சார்கிட்ட சொல்லல?”

ஜெபின் அவளுக்குப் பின்னால் கையைக் காட்டினான். குழு படுத்திருந்த இடத்தில் புல் பாய் போலப் படிந்திருந்தது. நடுவில் அந்த ஒரு பூ மட்டும் நின்றது.

“நான் வாயத் திறக்குறதுக்குள்ள எல்லாரும் வந்து விழுந்துட்டாவ. அங்கயும் இம்புட்டு இருந்துச்சு ஷீனா.”