ஓடாத மோட்டாருக்கு முன்னால்

இதில் ஒரு வரிகூட இட்டுக்கட்டியது இல்லை. இது சத்தியம்.

மூன்று வருடமாக வேலை தேடி அலுத்துப்போனவள், ஆலையின் எலக்ட்ரீஷியன் தேர்வுக்கு வந்தபோது, ஓடாத மோட்டாரின் பேனலுக்கு முன்னால் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"வணக்கம் சார். ஆரம்பிக்கலாமா?"

"உங்க இஷ்டம் மேடம்."

சரியான கிண்டல் பேர்வழி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"முதல்ல மெயினை ஆஃப் பண்ணிப் பூட்டணும், இல்லையா சார்?"

"ஆமா மேடம். சாவி பூட்டினவங்க பாக்கெட்லதான் இருக்கணும்."

பூட்டினாள். வேறு லைனில் கரண்ட் இருக்கும் சுவர் பிளக்கில் டெஸ்டரைச் சரிபார்த்துவிட்டுப் பேனலில் வைத்தாள். கரண்ட் இல்லை.

"இப்ப கை வைக்கலாமா சார்?"

"கூடாது மேடம். டெஸ்டர் நடுவுல செத்திருக்கலாம். மறுபடி பிளக்ல வெச்சுப் பாக்கணும்."

எல்லாவற்றையும் இவரே சொல்லிவிடுகிறாரே, இது பரீட்சையா பாடமா என்று அவளுக்குத் தலை சுற்றியது. டெஸ்டரை மறுபடி சரிபார்த்து, ஃப்யூஸில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், ஸ்டாப் பட்டனில் கழன்று கிடந்த ஒயரை இறுக்கினாள். பூட்டை எடுத்து மெயினைப் போட்டு, ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் மோட்டார் ஓடியது.

"வேலை எனக்குக் கிடைச்சுடுமா சார்?"

அவர் கட்டிய கையைப் பிரித்து, சட்டைப்பையிலிருந்து அவளுடையதைப் போலவே ஓர் அழைப்புக் கடிதத்தை எடுத்தார்.

"அதைத்தான் நான் உங்ககிட்ட கேக்கலாம்னு நிக்கறேன். கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாத்தானே பதில் சொன்னேன் மேடம்?"

இருவரும் ஆளுக்கொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, தேர்வு நடத்துபவருக்காகக் காத்திருந்தார்கள்.

இருவர் கடிதத்திலும் தேதி தப்பாக அச்சாகியிருந்தது; தேர்வு முந்தின நாளே முடிந்து, ஆளும் எடுத்தாகிவிட்டது.