என் மனைவி மட்டும்

முதுமைப் பராமரிப்புப் படிவம் வந்த வருஷம், "நீயே எழுதிரு" என்று திரவியம் தன் படிவத்தில் கையெழுத்தை மட்டும் போட்டு மனைவியிடம் கொடுத்துவிட்டார். யார் தூக்கலாம், யார் குளிப்பாட்டலாம் என்ற கட்டங்களில், 'என் மனைவி மட்டும். வேறு யார் கையும் படக்கூடாது' என்று செண்பகவல்லி வீம்பாக எழுதினாள். தன் படிவத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காலியாகவே விட்டுவிட்டாள்.

இருபது வருஷமாகிவிட்டது. அவளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோயின. பராமரிப்பு இயந்திரமோ அவரைத் தொட அனுமதியில்லாமல் சுவரோரம் சும்மா நிற்கிறது. எழுதியதை மாற்ற வேண்டுமென்றால், அவர் தெளிவோடு இருப்பது உறுதியாக வேண்டும்.

அதைச் சோதிக்க மாதாமாதம் கேட்பதுபோல் அன்றும் இயந்திரம் கேட்டது.

"ஐயா, இவங்க யாரு?"

திரவியம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியலையே. யாரோ ஒரு அம்மா."

"படிவம் அப்படியே தொடரும்" என்றது இயந்திரம்.

செண்பகவல்லி அவரைத் தூக்கக் குனிந்தாள். முட்டி மடங்கவில்லை, கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

திரவியம் இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். "அந்தம்மாவுக்குக் கால் வலிக்கி. நீ சும்மாதான நிக்கே, அவங்களைப் பிடி."

அவளுடைய படிவத்தில் தடை எதுவும் இல்லை. இயந்திரம் வந்து அவளைத் தாங்கிக்கொண்டது. அவள் அவரைத் தூக்கினாள்.