பாதி விலை என்ஜின்

மாலை வெயில் பட்டறையின் பாதி ஷட்டருக்குக் கீழே நுழைந்து, எண்ணெய்க் கறை ஊறிய தரையில் நீண்டு கிடக்கிறது. தம்பி சுவரோரம் குந்தியபடி, தன் பைக்கில் மாற்ற வேண்டியவற்றுக்குச் சாக்பீஸால் கணக்குப் போடுகிறான்: பெரிய பிஸ்டன், கார்புரேட்டர், சைலன்சர், பிரேக். கூட்டினால் கையிலிருக்கும் பணத்துக்குள் அடங்கவில்லை. கட்டைவிரலால் பிரேக்கை மட்டும் அழிக்கிறான். "அது அடுத்த மாசம் பாத்துக்கலாம்." பின்னால் நிற்கும் அக்கா கைப்பையின் வாரை முறுக்குகிறாள். பிரேக் போயும் கணக்கு இடிக்கிறது. மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே மூலையைக் காட்டுகிறார். "நீ கேக்குறதெல்லாம் மாட்டின என்ஜின் ஒண்ணு இருக்கு. அப்படியே எடுத்துக்கோ, பாதி விலை." அங்கே நிற்கும் பைக்கின் மேலிருந்து தார்ப்பாயை விலக்குகிறார். முன்சக்கரம் எட்டு போட்டதுபோல் வளைந்திருக்கிறது. ஹேண்டில்பார் ஒருபக்கமாக மடங்கியிருக்கிறது. சாவி அதிலேயே தொங்குகிறது. அதே வளையத்தில் யாருடைய வீட்டுச் சாவியோ. என்ஜினில் மட்டும் ஒரு கீறல் இல்லை. மெக்கானிக் உதைக்கிறார். ஒரே உதையில் அது உறுமி எழ, ஆணிகளில் தொங்கும் ஸ்பானர்கள் கிணுகிணுக்கின்றன. தம்பி கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்கிறான். பால் குடிக்கும் குழந்தைக்குக்கூட அப்படியொரு முகம் வராது. அக்கா அந்தச் சத்தத்துக்கு மேல் கத்துகிறாள்: "இதுல பிரேக் மாத்தலையாண்ணா?" அவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கையை எடுக்காமலே அவள் பக்கம் சாய்கிறார். "இத ஓட்டின பையனும் அடுத்த மாசம்னுதாம்மா சொன்னான்." தம்பிக்கு எதுவும் கேட்கவில்லை. கண்ணைத் திறக்காமலே, இன்னும் கொஞ்சம் முறுக்கச் சொல்லிக் கை காட்டுகிறான்.